அறுபத்து நாலு கிலோ

2002 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 6.20.

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டிய மேட்டிலுள்ள மாலைநிழல் முதியோர் இல்லத்தின் மூன்றாம் அறையில் பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பாலம்மா இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் தரம் எட்டித் தோளைத் தொட்டாள். பேச்சியம்மாவின் உடுப்பு, தண்ணீரில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

இல்லத்தின் பொறுப்பாளர் ராஜலிங்கம் ஓடி வந்தார். த்ரீவீலர் பிடித்து மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மணி ஏழேகால். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்தார்கள். நூறு அளவில் இருக்க வேண்டியது இருபத்திரண்டில் நின்றது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயனில்லை. 8.05க்கு உயிர் பிரிந்தது.

பேச்சியம்மாவுக்கு வயது எண்பத்தொன்பது. ஹுன்னஸ்கிரியவில் நாற்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவள். பிள்ளைகள் கிடையாது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை.

ஆஸ்பத்திரி டொக்டர் துண்டில் எழுதினார்: ‘மாத்திரை அளவுக்கு மேல் கொடுக்கப்பட்டிருக்கலாம். பொலிசுக்கு அறிவிக்கவும்.’

8.40.

இல்லத்தின் பணிப்பெண் சுந்தரி, இரண்டு நாள் லீவு முடிந்து புசல்லாவையிலிருந்து வந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். கேற்றில் ராஜலிங்கமும் ஒரு கொன்ஸ்டபிளும் நின்றார்கள். ராஜலிங்கம் அவளுடைய பையை வாங்கிக் கொன்ஸ்டபிளிடம் நீட்டினார்.

பைக்குள் ஆறு வாழைப்பழம், நாலு பணிஸ், ஒரு பிஸ்கட் பக்கற், கித்துல் கருப்பட்டித் துண்டு இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை. பேச்சியம்மா போடும் அதே சீனி மாத்திரை.

“இது எங்கம்மாவோடதுங்க” என்றாள் சுந்தரி. “அவங்களுக்கும் சீனி. அட்டைய மறந்து பையிலயே வச்சுட்டேன்.”

“சாப்பாடு யாருக்கு?” என்று கேட்டார் கொன்ஸ்டபிள்.

அவள் ராஜலிங்கத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “பேச்சியம்மாவுக்கும் பாலம்மாவுக்கும்” என்றாள்.

வெளிச் சாப்பாடு இல்லத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. அந்த விதியை மீறிச் சாப்பாடு கொடுத்து வந்தவளின் பையில் மாத்திரையும் இருந்தது. ஒன்பது மணிக்கு அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

9.45.

அம்பிட்டியச் சந்தியிலுள்ள டொக்டர் ராஜரத்தினத்தின் டிஸ்பென்சரியில் றம்லத் மருந்து அலுமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இருபத்தொரு வருடமாக அங்கே மருந்து கொடுப்பவள் அவள். ஊரே அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடும். இல்லத்து மாத்திரைகள் மாதாமாதம் அவள் கையால்தான் போகும். செய்தி வந்ததிலிருந்து அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் றிஸ்வி பேச்சியம்மாவின் மாத்திரைப் போத்தலை மேசையில் வைத்தார். றம்லத்தைப் போல அவரும் ரமழான் நோன்பு. குரல் வறண்டிருந்தது.

“மிஸ், இத எண்ணித் தாங்க.”

றம்லத் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினாள். “இருவத்திநாலு.”

“எத்தன ஈக்கணும்?”

“ஒண்ணாந் தேதி அறுவது குடுத்த. பதினெட்டு நாளக்கி முப்பத்தாறு போயீக்கும். இருவத்திநாலு சரி.”

“அப்ப இந்தப் போத்தல்ல கூடுதலா ஒண்டும் எடுக்கல்ல.”

“இல்ல.”

“வெளிய இருந்து வந்தீக்கு. சுந்தரிட பையில அட்டை ஈக்கு. நாளக்கிக் காலைல பத்து மணிக்கு அவள நீதவானுக்கு முன்னால கொண்டு போகணும்.”

“அவ எதுக்குக் கொல்லணும்?”

“அதத்தான் நானும் தேடுறேன். இல்லத்துல இன்னம் மூணு பேர் இதே மாத்திர போடுறாங்க. அவங்கட போத்தலையும் எண்ணணும். நீங்க வர ஏலுமா?”

றம்லத் ஏற்கெனவே குடையைக் கையில் எடுத்திருந்தாள்.

11.00.

மற்ற மூன்று போத்தல்களிலும் கணக்கு இம்மி பிசகவில்லை. ராஜலிங்கம் ஒழுங்கானவர். ஐம்பத்தெட்டு வயதிலும் மூங்கில் மாதிரி நிமிர்ந்த, மெலிந்த உடம்பு. தினமும் கட்டுகஸ்தோட்டை வரை நடந்து திரும்புபவர்.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?” என்று றிஸ்வி கேட்டார்.

“கஞ்சி. எல்லாருக்கும் அதுதான். மே மாசம் வெசாக் கழிஞ்சதுல இருந்து பகல்ல கொஞ்சமாச் சோறு, ராத்திரிக்குக் கஞ்சி மட்டுந்தாங்க. வயிறு பாரமில்லாமத் தூங்குவாங்க.”

“மாத்திர யார் குடுத்த?”

“சுந்தரி இல்லாத நாள்ல நான்தான். சாயந்தரம் ஆறு மணிக்கு, ஒண்ணே ஒண்ணு. பாலம்மாவக் கேளுங்க.”

பாலம்மா தலையாட்டினாள். எண்பத்தாறு வயது. சாம்பல் நிறச் சுவெட்டருக்குள் சுருண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஆஸ்பத்திரி திருப்பித் தந்த சின்ன உறை. அதற்குள் பேச்சியம்மாவின் செப்பு மோதிரம். றம்லத் எடுத்துப் பார்த்தாள். உள்பக்கம் முழுவதும் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

“நூல் எதுக்கு?”

“கழண்டு கழண்டு விழுந்துச்சும்மா. சுந்தரிதான் சுத்திக் குடுத்துச்சு” என்றாள் பாலம்மா. “சுந்தரி எப்ப வரும்?”

றம்லத் மோதிரத்தை உறைக்குள் திரும்பப் போட்டாள்.

நடைபாதையின் கோடியில் ஆளை நிறுக்கும் தராசு நின்றது. புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கைப்பிடியில் கம்பியால் கட்டிய ஓர் அட்டை. ‘மர்சூக், தராசு திருத்துமிடம், கண்டி’ என்று அச்சடித்து, கீழே பேனையால் இரண்டு திகதிகள்: 3.10, 26.10.

தராசுக்குப் பக்கத்தில் எடைப் புத்தகம் தொங்கியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொருவருடைய நிறையும் நீல மையில், அழகான கையெழுத்தில். றம்லத் பேச்சியம்மாவின் பக்கத்தைப் புரட்டினாள். மே மாதம் 64. ஜூன் 64. ஜூலை 64½. ஆகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர் எல்லாம் 64. போன வெள்ளிக்கிழமையும் 64.

“ஒழுங்கா எழுதிருக்கீங்க” என்றாள்.

“ஒரு வெள்ளிக்கெழம கூடத் தவறினதில்லைங்க மிஸ்” என்றார் ராஜலிங்கம்.

பிறகு, கேட்காமலே சொன்னார். “எங்கண்ணன் நூத்திப் பத்து கிலோ. சீனி வருத்தத்துல, அம்பத்தியொரு வயசுல ஒரு கால வெட்டி எடுத்தாங்க. மறு வருசம் ஆளே போயிட்டாரு. ஒடம்புல சதை வைக்கிறது, வெசத்தச் சேத்து வைக்கிற மாதிரிங்க. அந்தப் பொண்ணு திருட்டுத்தனமா பணிஸும் கருப்பட்டியும் குடுத்திருக்கு, சீனி வருத்தக்காரங்களுக்கு. நெனச்சுப் பாருங்க.”

1.00.

டிஸ்பென்சரியில் டொக்டர் ராஜரத்தினம் பேச்சியம்மாவின் மருத்துவ அட்டையை மேசையில் விரித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருடமாக அம்பிட்டியவில் மருந்து கொடுப்பவர். மாதம் ஒருமுறை இல்லத்துக்குப் போய், கதிரையில் இருந்தபடியே எல்லோருக்கும் சீனி பார்ப்பார்; நிறையைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்.

“டொக்டர், இந்தச் சீனி அளவப் பாருங்க” என்றாள் றம்லத். “ஜூன்ல நூத்தியம்பத்திரண்டு. பொறகு நூத்தி முப்பத்தெட்டு, நூத்திப் பத்தொன்பது, நூத்தி நாலு, எம்பத்தெட்டு. இந்த மாசம் எழுவத்தொன்பது. படி எறங்குற மாதிரி எறங்கியீக்கு.”

“ஓம். நல்லாக் கட்டுப்பட்டிருக்கு எண்டு சந்தோஷப்பட்டனான்.”

“மாத்திரய நாங்க கூட்டல்ல.”

“இல்லை.”

“நிறையும் கொறயல்ல. புத்தகத்துல அறுவத்து நாலுதான். அப்ப எதுனால எறங்கின?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நிறை குறைஞ்சிருந்தா நான் மாத்திரையைக் குறைச்சிருப்பன், நிப்பாட்டியும் இருப்பன். எண்பது தாண்டின ஆக்களுக்குக் கொஞ்சம் சதை இருக்கிறது நல்லது றம்லத். காய்ச்சல் வந்தாலும் விழுந்து எலும்பு முறிஞ்சாலும் அந்தச் சதைதான் அவையளைத் தாங்கும். நாப்பது வயதுக்காரருக்குச் சொல்லுற புத்தியை இவைக்குச் சொல்லக் கூடாது. அந்த வயதில நிறை குறையிறதுதான் பயம். இதை ராஜலிங்கத்திட்ட எத்தனை தரம் சொன்னனான். ரெண்டு கிலோ குறைஞ்சாலும் உடனை எனக்குச் சொல்லும் எண்டனான்.”

“அவர் என்ன சொன்ன?”

“சரி எண்டார்.”

றம்லத் உள்ளே போனாள், வெளியே வந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளை காலை பத்து மணி என்று றிஸ்வி சொன்னது காதிலேயே நின்றது. மழை விடவில்லை. ஏதோ ஒன்று தன் கண்முன் வந்து போய்விட்டது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. எது என்று பிடிபடவில்லை.

2.35.

பக்கத்து வளவு ருக்கியா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அறுபத்தைந்து வயது, சீனி வருத்தக்காரி.

“மிஸ், நோன்பு புடிச்சீக்கிறேன். பகல்ல தலை சுத்துது, வேர்க்குது. மாத்திர வளம போல ரெண்டுதான் போடுறேன், ஒண்டும் கூட்டல்ல.”

வருடா வருடம் நோன்பு மாதத்தில் நூறு பேருக்குச் சொல்லும் பதில் றம்லத்தின் வாயில் தானாக வந்தது.

“கூட்டத் தேவல்ல. சாப்பாடு கொறஞ்சா, போடுற மாத்திரயே கூடிப் போகும். டொக்டர்ட்ட கேட்டு மாத்திரய...”

அவள் பாதியில் நிறுத்தினாள். ருக்கியாவை டொக்டரின் அறைக்குள் அனுப்பிவிட்டு டெலிபோனை எடுத்தாள். முதலில் கண்டியில் மர்சூக்கின் கடை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டு வைத்தாள். அடுத்தது பொலிஸ் ஸ்டேஷன்.

“இன்ஸ்பெக்டர், இல்லத்துக்கு வாங்க. வரக்குள்ள கடையில ஒரு இருவத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை வாங்கிட்டு வாங்க. வாய் தைச்சது, பிரிக்காதது. சுந்தரி உங்கட்டதானே ஈக்கி?”

“காலைல ஒம்பதுல இருந்து கூண்டுக்குள்ள.”

“அது போதும்.”

இரத்தச் சீனி பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாலம்மாவும் அதே மாத்திரைதான். பாலம்மாவுக்கும் அதே கஞ்சிதான். பாலம்மாவுக்கும் இரண்டு நாளாகச் சுந்தரி இல்லை. றம்லத் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

3.05.

பாலம்மா கதிரையில் சரிந்திருந்தாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. “சுந்தரியா?” என்றாள்.

“நான் மிஸ். விரலத் தாங்க.”

கருவி 44 காட்டியது. றம்லத் குசினிக்கு ஓடி, நாலு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து வந்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். விடியற்காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை.

“சீனியா குடுக்குறீங்க?” ராஜலிங்கம் வாசலில் நின்றார். “என்ன மிஸ், நீங்களே...”

“தள்ளி நில்லுங்க” என்றாள் றம்லத்.

கால் மணித்தியாலத்தில் வேர்வை அடங்கியது. கருவி 81 காட்டியது. பாலம்மா கண்ணைத் திறந்து, “பசிக்குதும்மா” என்றாள். றம்லத் பாணும் பருப்பும் வாங்கிவரச் சொன்னாள். பாலம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். மாத்திரை போடும் மற்ற இருவருக்கும் சீனி பார்த்துச் சாப்பிட வைத்துவிட்டு, மூன்று பேருடைய போத்தல்களையும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

4.00.

றிஸ்வி வந்தார். பின்னால் கொன்ஸ்டபிள் அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார். டொக்டர் ராஜரத்தினமும் வந்து சேர்ந்தார்.

“மூட்டைய தராசில வைங்க” என்றாள் றம்லத்.

முள் ஏறி, இருபத்தைந்தில் நின்றது.

“தராசு சரி. அப்பிடித்தானே?”

“சரி” என்றார் றிஸ்வி.

“இப்ப பாலம்மா.”

இரண்டு பக்கமும் பிடித்து, சுவெட்டரைக் கழற்றி ஏற்றினார்கள். சுவெட்டர் இல்லாத பாலம்மாவைப் பார்த்ததும் டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கையைத் தூக்கியபோது தோல் துணி மாதிரித் தொங்கியது. முள் ஐம்பத்தேழில் நின்றது.

றம்லத் எடைப் புத்தகத்தை றிஸ்வியிடம் நீட்டினாள். போன வெள்ளிக்கிழமை, பாலம்மா: 70.

“நாலு நாள்ல பதின்மூணு கிலோ யாருக்கும் கொறயாது” என்றாள். “இன்ஸ்பெக்டர், நாங்க காலைல இருந்து கூடுதல் மாத்திரயத் தேடினோம். கூடுதல் மாத்திர இல்ல. பேச்சியம்மாக்கு யாரும் ஒண்டுக்கு ரெண்டு குடுக்கல்ல. அதே ஒண்டுதான். ஆள்தான் கொறஞ்சு போன. மே மாசத்துல இருந்து அரைவயித்துச் சாப்பாடு. அறுவத்து நாலு கிலோவுக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் எழுதின மாத்திரய, எலும்பும் தோலுமா போன ஆளுக்குக் குடுத்துட்டே ஈந்தாங்க. மோதிரத்துல நூல் சுத்தியீந்தத நான் கையில எடுத்துப் பாத்தேன். நிறை கொறயாத ஆளுட விரல்ல மோதிரம் கழண்டு விழுமா? அத அப்பவே யோசிச்சீக்கணும்.”

“புத்தகம்?” என்றார் றிஸ்வி.

“புத்தகம் பொய். தராசுல கட்டியீக்கிற அட்டையப் பாருங்க. மர்சூக்குட்ட கேட்டேன். அவர் செல்றாரு, ஒக்டோபர் மூணாந் தேதி தராசு கடைக்கு வந்த, இருவத்தாறாந் தேதிதான் திரும்பிப் போன. அதுக்குள்ள நாலு வெள்ளிக்கிழம. நாலுக்கும் நிறை எழுதியீக்கு. தராசே இல்லாம எப்பிடி நிறுத்த?”

“சுந்தரி?”

“அவ கொண்டுவந்த பணிஸும் பழமும்தான் இவ்வளவு நாளும் இவங்கள உசிரோட வெச்சீந்த. அத நாங்க தலைகீழாப் பாத்தோம். அவ சாப்பாடு குடுத்த நாள்ல யாருக்கும் ஒண்டும் ஆகல்ல. ஞாயிறும் திங்களும் அவ இல்ல. செவ்வாய்க் காலைல பேச்சியம்மா போயிட்டாங்க. இண்டக்கி அவ கூண்டுக்குள்ள ஈக்கக்குள்ள பாலம்மா சரிஞ்சாங்க. இத செஞ்ச ஆள் ராஜலிங்கம் ஐயா.”

ராஜலிங்கம் நிமிர்ந்தே நின்றார்.

“நான் யாரையும் கொல்லல” என்றார். “நானும் அதே கஞ்சிதான் குடிக்கிறேன்.”

“ஏன் பொய் நிறை எழுதினீங்க?” என்று கேட்டார் றிஸ்வி.

“உண்மைய எழுதுனா கஞ்சிய நிறுத்தச் சொல்லி டொக்டர் சொல்லிருப்பாரு. கெழவங்களுக்குச் சதை வேணும்னு அவரு சொல்றாரு. எனக்கு நம்பிக்கையில்ல. எங்கண்ணனை நான் கண்ணால பாத்தேன்.” அவர் டொக்டர் பக்கம் திரும்பினார். “உங்க அட்டையில சீனி எறங்கிக்கிட்டே வந்துச்சு. அட்டையப் பாருங்க. வருசம் முடியிறப்ப எல்லாருக்கும் மாத்திரையே தேவையில்லாமப் போயிரும். அன்னைக்கு அசல் எடைய எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன். பாத்தீங்களா டொக்டர்னு கேக்கலாம்னு இருந்தேன்.”

“அசல் நிறையை எங்க எழுதி வச்சிருக்கிறீர்?” என்றார் டொக்டர்.

ராஜலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இல்லத்திலுள்ள பதினான்கு பேருடைய பெயர்களும் அதில் இருந்தன. பேச்சியம்மாவின் கடைசி நிறை 49.

“பதினஞ்சு கிலோ” என்றார் டொக்டர். “சுந்தரி ஒண்டும் சொல்லேல்லையே உம்மட்ட?”

“சொல்லுச்சு. அம்மாவெல்லாம் எளைச்சுப் போறாங்கன்னு ரெண்டு தடவ வந்து சொல்லுச்சு. எளைக்கிறது நல்லதுதான்னு சொன்னேன். இனிமே பேசுனா வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னேன்.”

றிஸ்வி குறிப்புப் புத்தகத்தை வாங்கினார். “நடங்க” என்றார். இதைச் சட்டத்தில் எந்தப் பிரிவில் போடுவது என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

5.30. பொலிஸ் ஸ்டேஷன்.

றம்லத் வாக்குமூலம் கொடுத்து முடித்தாள். எழுதிக்கொண்டிருந்த றிஸ்வி பேனையை மூடப் போனார்.

“இன்னம் முடியல்ல” என்றாள். “என்ட பேரையும் எழுதுங்க. ஒவ்வொரு மாசமும் மாத்திர எண்ணிக் குடுத்தது நான். ராஜலிங்கம் வந்து புத்தகத்தக் காட்டுவாரு, நான் அறுவத்து நாலப் பாத்துட்டுப் போத்தலக் குடுப்பேன். இல்லம் அஞ்சு நிமிச நடை. ஒரு நாளாவது ஏறிப் போய் ஆளப் பாக்கல்ல.”

“டொக்டர் மாசாமாசம் போயும் கண்டுபுடிக்கல்லயே.”

“அவர் என்னத்தச் செல்லணுமோ அத அவர் செல்லட்டும். நான் என்டயச் செல்றேன். எழுதுங்க.”

றிஸ்வி எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே கம்பிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுந்தரி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தன் பையைத் திருப்பிக் கொடுத்தபோது அதைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. ராஜலிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. காலையிலிருந்து தன்னை என்னென்ன கேட்டார்கள் என்றும் சொல்லவில்லை. பேச்சியம்மா இறந்ததை ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“மிஸ்” என்றாள். “பாலம்மா சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்க. பாணும் பருப்பும்.”

“பருப்பு அவங்களுக்கு வயித்தப் பெரட்டும். ராத்திரிக்கு என்ன குடுப்பாங்க? யாரு குடுப்பா?”

சுந்தரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்பிட்டிய பஸ்ஸைப் பிடிக்க மழைக்குள் இறங்கினாள்.